தங்கப்பழம் அண்ணாச்சியின் தலை

எங்கள் ஆலங்கிணற்றில் பிள்ளை பிறந்தால் ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள், காது குத்தினால் கட்டுவார்கள், பெண் வயதுக்கு வந்தால், பையன் பாஸானால், பெயிலாகிப் பிறகு பாஸானால், புல்லட் வாங்கினால், வெளிநாடு போனால், போன வேகத்தில் திரும்பி வந்தால், செத்தால் கட்டுவார்கள், செத்து வருஷம் திரும்பினால் மறுபடியும் கட்டுவார்கள். அந்த எல்லா ஃப்ளெக்ஸிலும் கீழே வட்டம் வட்டமாக வாழ்த்துகிறவர்களின் முகங்கள் இருக்கும், அதில் முதல் வட்டமும் பெரிய வட்டமும் எண்ணெய் மில் முதலாளியும் வியாபாரிகள் சங்கத் தலைவருமான தங்கப்பழம் அண்ணாச்சியுடையதாக இருக்கும். கண்ணீர் அஞ்சலியிலும் அவர் அதே சிரிப்புத்தான் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் முகம் இல்லாத விசேஷம் விசேஷமே இல்லை என்று ஊர் நம்பியது, அவரும் நம்பினார்.

அந்த முகங்களையெல்லாம் வட்டத்துக்குள் உட்கார வைத்தவள் அன்னமயில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சீனிராஜ் நடத்திய டிசைன் கடையில் அவள்தான் எல்லாம். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான், அதனால் நடந்தது எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். அண்ணாச்சியின் வழுக்கைக்கு முடி வைத்ததும், கண்ணுக்குக் கீழே தொங்கிய பையை எடுத்ததும், பல்லை வெளுத்ததும் அவள் கைதான். அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சி, கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லித் தன் மகன் தினகருக்கு அவளைப் பேசி முடித்தார். நிச்சயமும் நடந்தது. அன்னமயில் அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

தன் கல்யாண ஃப்ளெக்ஸை அவளே செய்தாள். நீலப் பட்டு கட்டி, தினகரின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முழு உருவமாக நிற்கிற படம். ஊரில் எல்லா மணப்பெண்ணையும் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்குவதுதான் வழக்கம், கேட்காமலே வெளுப்பாக்குவார்கள், ஆனால் அவள் தன் கறுப்பைத் தொடவில்லை. சின்ன வயசில் இட்லிக் கொப்பரை ஆவி பட்டு இடது மணிக்கட்டில் பிறை மாதிரி விழுந்த தழும்பையும் அழிக்கவில்லை. "இருக்கட்டும்க்கா, நான்தான அது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து உப்பளம் வைத்திருக்கிறவர் வீட்டுச் சம்பந்தம் வந்தது. அண்ணாச்சி ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினார், அந்த ஜோசியருக்குத் தெரியவேண்டியது தெரிந்திருந்தது, பொருத்தம் இல்லை என்று சொல்லிவிட்டார். அதே தேதி, அதே மண்டபம், அதே சமையல்காரர், பெண் மட்டும் வேறு. கல்யாணம் நின்று போவது உலகத்தில் நடக்காததா, அழுதுவிட்டு மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள் அன்னமயில்.

அவள் வந்த அன்றைக்கு அவளுடைய நாற்காலியில் சீனிராஜ் உட்கார்ந்திருந்தான். பின்னால் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

"டிசைன் நல்லாத்தான இருக்கு சீனி. எதுக்குப் புதுசாப் போட்டுக்கிட்டு? பொண்ணு தலைய மட்டும் எடுத்துட்டு இந்தத் தலைய வையி."

"நீ இதப் பாக்காத தாயி, அங்கிட்டுப் போயிரு" என்றான் சீனிராஜ், அவளைத் திரும்பிப் பார்க்காமல். அவள் போகவில்லை. தன் கழுத்தைச் சுற்றி அவன் வெட்டுவதையும், தன் தலையை மவுஸால் பிடித்து இழுத்துப் பக்கத்துக்கு வெளியே இருக்கிற சாம்பல் நிற வெற்றிடத்தில் கொண்டு போட்டதையும், வேற்றுப் பெண்ணின் வெளுத்த தலையைத் தன் கழுத்தில் பொருத்திச் சங்கிலியை நேராக்கியதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கள் ஊர் டிசைனர்கள் வேண்டாததை அழிக்கமாட்டார்கள், அந்தச் சாம்பல் இடத்தில் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள், எதற்காவது திரும்ப ஆகும் என்று ஒரு சோம்பேறித்தனம். அங்கே கிடப்பது அச்சில் வராது, ஆனால் ஃபைலை விட்டும் போகாது. அன்னமயில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஃப்ளெக்ஸ் பஸ் ஸ்டாண்டில் ஏறியது. ஊர் முழுக்க நிமிர்ந்து பார்த்தது, பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது, ஏனென்றால் அந்தப் பிறைத் தழும்பு எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையிலிருந்துதான் எல்லோரும் தங்கள் வீட்டுப் பத்திரிகையை வாங்கியிருந்தார்கள். புதுப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கு யாருடைய உடம்பில் தன்னை வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. அன்னமயில் நேராக மில்லுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"மாமா, அத இறக்கிருங்க. அதுல நிக்கிறது நானு. என் உடம்பு, என் கை."

அண்ணாச்சி எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "உடம்புல பேரா எழுதியிருக்கு?" என்றார். "தலைதாம்மா ஆளு. தலைக்குக் கீழ எது இருந்தா எவன் பாக்கப் போறான்?"

அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் இருந்தார்கள், கணக்கர் இருந்தார், தினகர் இருந்தான். தினகர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கே குவிந்து கிடந்த புண்ணாக்கை அள்ளி அவர் முகத்தில் அப்பியிருப்பேன். அன்னமயில் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஒரு படத்தைத் திருத்துவதற்கு முன்னால் பார்ப்பாளே அப்படி. பிறகு வீட்டுக்குப் போனாள்.

கல்யாணம் முடிந்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லும் ஃப்ளெக்ஸ் போடுவதற்காகச் சீனிராஜ் அந்த ஃபைலைத் திறந்தான். திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது, அதற்குக் கீழே 'ஓகே' என்று ஒரு பொத்தான், அதற்குச் சரி சொல்வதைத் தவிர வேறு பதில் சொல்ல இடமில்லை. அவன் சரி சொன்னான். மறுபடி திறந்தான், மறுபடி சரி சொன்னான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான், வயரைப் பிடுங்கிச் செருகினான், பழைய சாஃப்ட்வேரில் திறந்து பார்த்தான், புதிய சாஃப்ட்வேரில் திறந்து பார்த்தான், ஃபைலின் பெயரை மாற்றினான், பென்டிரைவில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனான், கோவில்பட்டிக்காரர்களும் சரி சொன்னார்கள். ஊருக்குத் திரும்பினால் கபடிப் போட்டி ஃபைலும் திறக்கவில்லை, காதணி விழா ஃபைலும் திறக்கவில்லை, நேற்றுச் செத்தவருக்கு அடிக்க வேண்டிய அஞ்சலி ஃபைலும் திறக்கவில்லை, செத்தவர் போஸ்டர் இல்லாமலே எரிந்தார், வெளியூர்ச் சொந்தங்கள் அவர் செத்ததை நம்பவே இல்லை.

ஊர் சும்மா இருக்குமா. மானிட்டருக்குத் திருநீறு பூசினார்கள், எலுமிச்சம்பழம் நறுக்கி நாலு பக்கமும் போட்டார்கள், தர்காவில் மந்திரித்த கயிறு மவுஸின் வாலில் கட்டப்பட்டது. மதுரையிலிருந்து கூலிங் கிளாஸ் போட்ட ஒரு நிபுணர் வந்தார். எழுத்துரு இல்லை என்றார், எழுத்துருவை ஏற்றினார், படம் விடுபட்டிருக்கிறது என்றார், படத்தைச் சேர்த்தார், வைரஸ் என்றார், அதையும் கொன்றார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஃபைல்ல ஒரு கோளாறும் இல்லைங்க. எல்லாம் முழுசா உள்ள இருக்கு. அதுக்குத் திறக்க இஷ்டமில்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே போனார்.

விஷயம் பிடிபட்டது ரேஷன் கடைச் சுடலைமணியால். அவருக்கும் அண்ணாச்சிக்கும் ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் அவர் வீட்டுப் பால்காய்ப்பு ஃப்ளெக்ஸில் அண்ணாச்சி இல்லை. அந்த ஃபைல் சமர்த்தாகத் திறந்தது. சீனிராஜ் புதிதாக ஒன்று செய்து சேமித்தான், திறந்தது. அதில் அண்ணாச்சியின் படத்தை ஓரமாக வைத்துச் சேமித்தான், திறக்கவில்லை. புதிய படம் எடுத்து வைத்தான், சின்ன வயசுப் படம் வைத்தான், பக்கவாட்டுப் படம் வைத்தான், ஒன்றும் திறக்கவில்லை. கடைக்குள் நின்ற எல்லோருக்கும் புரிந்தது. ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் பயந்து பயந்துதான் அவர் படத்தை விட்டார்கள். "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது அண்ணாச்சி" என்று கையைப் பிசைந்தார்கள். பிறகு பிசைவதை நிறுத்தினார்கள். அவர் இல்லாத இடத்தில் முதல் வட்டத்துக்கு யார் என்று சண்டை வந்தது, சண்டை ருசித்தது, அந்த ருசியில் அண்ணாச்சி மறந்து போனார். அதற்கப்புறம் ஊர் அவருக்கு ஒரு உபயோகமும் கண்டுபிடித்தது. யாரும் திறக்கக்கூடாத ஃபைல் எதுவோ அதற்குள் அண்ணாச்சியின் படத்தைக் கடுகளவுக்குச் சின்னதாக்கிப் போட்டுவிட்டால் பூட்டினது பூட்டினதுதான். கல்லூரிப் பெண்கள் பழைய காதலனோடு எடுத்த படங்களை அப்படிப் பூட்டினார்கள். பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகள் ஒருத்தர் வரைபடத்தை ஒருத்தர் பூட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் கேள்வித்தாள் வெளியே போய்விடக் கூடாதே என்று அதற்குள் அண்ணாச்சியை வைத்தார், பரீட்சை அன்றைக்கு அவராலும் திறக்க முடியாமல் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பீரியட் விட்டார். வாயைத் திறந்து பதில் சொல்லாதவனைப் பார்த்து "என்னவே, வாய்க்குள்ள அண்ணாச்சிய வச்சிருக்கியா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. இதெல்லாம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸில் இல்லாதவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லை செத்தவன். புதிதாக வந்த போலீஸ்காரர் அண்ணாச்சியின் வண்டியை நிறுத்திப் பெயர் கேட்டார். சங்கத் தேர்தலில் அவருக்கு ஓட்டு விழவில்லை, அவர் நிற்பதே பலருக்குத் தெரியவில்லை. மில் சுவரில் ஓவியரை வைத்துத் தன் முகத்தை வரையச் சொன்னார், அது அவர் தம்பி சாயலில் வந்தது, தம்பி வந்து கும்பிட்டுவிட்டுப் போனான். தினகர் வீட்டிலும் ஒரு கல்யாணப் படம் இல்லை, எல்லாப் படத்திலும் ஏதாவது ஒரு மூலையில் அண்ணாச்சி நின்றிருந்தார், ஆல்பம் திறக்கவில்லை. புதுப் பெண்ணுக்கு இருந்த ஒரே கல்யாணப் படம் பஸ் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது, அதிலும் கை அவளுடையது இல்லை. அதை யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள், அவள் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வருவதற்குத் தயங்கினாள்.

அந்த ஃப்ளெக்ஸ் அங்கேயே இருந்தது. எங்கள் ஊரில் யாரும் ஃப்ளெக்ஸை இறக்குவதில்லை, அடுத்ததை அதன் மேல் கட்டுவார்கள், ஆனால் அது கட்டியிருந்த இரும்புச் சட்டம் அண்ணாச்சியின் சொந்தச் சட்டம், அதில் அவருடையதுதான் ஏற வேண்டும், அவருடையது திறந்தால்தானே ஏறும். வெயில் காய்ந்தது, மழை பெய்தது, காக்கை உட்கார்ந்தது. என் கடைக்கு அந்தப் பக்கத்தில் அன்னமயில் தனியாக ஒரு டிசைன் கடை போட்டிருந்தாள். தினமும் அதன் அடியில் நடந்துதான் வருவாள், தினமும் நின்று, நிமிர்ந்து, தன் கையைப் பார்ப்பாள். "பாவம்" என்று யாராவது சொன்னால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள், சொன்னவர் நடையைக் கட்டுவார். "மறந்துருடி" என்று நானே ஒரு தடவை சொன்னேன்.

"கை அங்க தொங்குதுக்கா. எப்படி மறக்க?" என்றாள்.

அண்ணாச்சிக்கு அறுபது வந்தது. மணிவிழா. வாழ்நாளெல்லாம் அவர் அந்த ஃப்ளெக்ஸுக்காகவே காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். ஒரு முற்பகலில் அவரும் அவர் மனைவி ராஜகனி அத்தையும் தட்டு நிறையப் பழத்தோடு அன்னமயிலின் கடை வாசலில் வந்து நின்றார்கள். அத்தையின் முகம் இதுவரைக்கும் எந்த ஃப்ளெக்ஸிலும் வந்ததில்லை, பெயர்கூட 'அவர்தம் துணைவியார்' என்றுதான் வரும்.

"நீ தொட்டாத் திறக்கும்னு ஊரே சொல்லுது" என்றார் அண்ணாச்சி. "நடந்தது நடந்து போச்சு. மணிவிழாவுக்கு மட்டும் போட்டுக் குடுத்துரும்மா."

"மொதல்ல அத இறக்குங்க."

"ஆள அனுப்புறேன்."

"ஆளு வேண்டாம். நீங்க ஏறி நீங்க இறக்கணும்."

ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பார்க்க, ஏணியில் நடுங்கி நடுங்கி ஏறி, கயிற்றை அவிழ்த்து, உருண்டு விழுந்த ஃப்ளெக்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அன்னமயில் அதைத் தரையில் விரித்தாள், கத்தரிக்கோலை எடுத்தாள், கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் நீலப் பட்டோடும் இரண்டு கைகளோடும் தன்னை வெட்டி எடுத்து, சேலை மடிப்பதுபோல மடித்துப் பையில் வைத்தாள். மிச்சத்தைக் கோழிக்கூட்டுக்கு மேலே போட எதிர்வீட்டுக்காரி வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம்தான் அன்னமயில் அழுதாள், சத்தமில்லாமல், அண்ணாச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொஞ்சம்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சீனிராஜ் கடை ஃபைல்களையெல்லாம் ஏற்றி அண்ணாச்சி நீட்டிய பென்டிரைவைச் செருகினாள், கல்யாண ஃபைலை இரண்டு தட்டுத் தட்டினாள். திறந்தது. எந்தப் பெட்டியும் வரவில்லை, சரி கேட்கவில்லை. நடுவில் ஜோடி நின்றது. பக்கத்துக்கு வெளியே, சாம்பல் இடத்தில், அன்னமயிலின் தலை கிடந்தது, கறுப்பாக, சிரித்தபடி. அடுத்ததைத் திறந்தாள், அது கபடிப் போட்டி, அதிலும் ஓரத்தில் அவள் தலை. காதணி விழாவிலும் இருந்தது, கண்ணீர் அஞ்சலியிலும் இருந்தது, அவள் கல்யாணப் பேச்சுக்கு முன்னால் செய்த ஃபைல்களிலும் இருந்தது. ஒன்றில்கூட அது நம்மைப் பார்க்கவில்லை, எல்லாவற்றிலும் அண்ணாச்சியின் வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு இங்க கெடக்கு?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க தள்ளிவிட்ட இடத்துலதான் கெடக்கு."

ஒவ்வொன்றாகத் தன்னை எடுத்துத் தன் பெயரிலிருந்த ஃபோல்டரில் சேர்த்துக்கொண்டாள். பொறுமையாகச் செய்தாள், ஒன்றையும் விடவில்லை. பிறகு மணிவிழாவை ஆரம்பித்தாள். பட்டுச் சட்டை, விரல் நிறைய மோதிரம், கூப்பிய கை, தரையில் நிற்கிற ஆள் உயரம், அண்ணாச்சி மட்டும். "என் படம் வேண்டாமா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டாள். "உனக்கெதுக்கு?" என்றார் அண்ணாச்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். முடி வைத்து, பல் வெளுத்து, கண்ணுக்குக் கீழே பையை எடுத்து அன்னமயில் காட்டியபோது அவர் கண் கலங்கினார். ரொம்ப நாளாகத் தன்னைப் பார்க்காதவர் அல்லவா.

ஃப்ளெக்ஸ் அச்சாகி வந்தது. கட்டுவதற்கு முன்னால் அவள் பிளேடை எடுத்து, நெற்றி முடியிலிருந்து தாடை வரை, காது மடல் பிசகாமல் வெட்டினாள். மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டது நான்தான்.

மணிவிழா அன்று காலையில் பஸ் ஸ்டாண்டில் பட்டுச் சட்டையும் மோதிரமும் கூப்பிய கையுமாகத் தங்கப்பழம் அண்ணாச்சி நின்றார், கழுத்துக்கு மேலே ஒரு ஓட்டை, அதன் வழியாக வேப்பமரம் தெரிந்தது. முதலில் ஒரு கண்டக்டர் பின்னால் போய்த் தலையை நீட்டினார், டிரைவர் போனில் படம் எடுத்தார், படம் திறந்தது. அவ்வளவுதான், வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். பூக்காரி தலை வைத்தாள், மூட்டை தூக்குகிறவர்கள் வைத்தார்கள், சுடலைமணி தலை வைத்து மீசையை முறுக்கினார், அந்தப் போலீஸ்காரரும் தொப்பியோடு வைத்தார். எல்லோருக்கும் அந்த உடம்பு பொருந்தியது. கோயிலில் மாலை மாற்றிவிட்டு மேளத்தோடு வந்த ஊர்வலம் அங்கே வந்து நின்றது, மேளம் தானாக நின்றது. ராஜகனி அத்தை புருஷன் கையை விட்டாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் போனாள், பூ வைத்த தலையை ஓட்டைக்குள் நீட்டினாள், நேராக எங்களைப் பார்த்தாள்.

"எடுங்க. நல்லா எடுங்க" என்றாள்.

அண்ணாச்சி மாலையைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே விறுவிறுவென்று அன்னமயிலின் கடைக்கு வந்தார், நாங்களும் பின்னாலேயே வந்தோம். அவள் யாருக்கோ காதணி விழா வட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே நுழைந்து அவளை அறைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வாசலில் சட்டென்று நின்றார். குறுகலான வாசற்படியின் நடுவில், வேறு கால் வைக்க இடமில்லாமல், மிதியடியாக அவர் தலை விரித்துக் கிடந்தது, முடியும் வெளுத்த பல்லுமாக. காலையிலிருந்து வந்துபோனவர்களின் கால்மண் அதன் மேல் இருந்தது.

அவருக்கு மூச்சு வாங்கியது. வெயில் அவர் வழுக்கையில் விழுந்தது. ஒரு காலைத் தூக்கினார், கீழே பார்த்தார், தூக்கிய காலை வைக்க இடம் தெரியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அன்னமயில் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அந்த நிச்சயத்துக்கு அப்புறம் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டாள்.

"வாங்க மாமா. ஏன் வெளியவே நிக்கீங்க? மிதிச்சிட்டு உள்ள வாங்க."